புற்றுநோய் சிகிச்சையின்போது தேனும் பிற தேனீப் பொருள்களும்: எதை, எப்போது, எப்படி எடுத்துக்கொள்வது

புற்றுநோய் என்று உறுதியான சில நாள்களுக்குள் உறவினர்களும் நண்பர்களும் கொண்டுவந்து தரும் பொருள்களில் தேனீ சார்ந்தவை தவறாமல் இடம்பெறுகின்றன. ஒருவர் தேன் பாட்டில் தருவார். இன்னொருவர் ராயல் ஜெல்லி மாத்திரை தருவார். வேறொருவர் புரோபோலிஸ் சொட்டு மருந்தைப் பற்றிய காணொளியை அனுப்பிவைப்பார். இவை அனைத்தையும் ஒட்டுமொத்தமாக ஏற்றுக்கொள்வதும் எளிது, ஒட்டுமொத்தமாக ஒதுக்கித் தள்ளுவதும் எளிது. இரண்டுமே சரியான வழி அல்ல. ஒரே கூட்டிலிருந்து கிடைக்கின்றன என்பதைத் தவிர இவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. தேன் பெரும்பாலும் சர்க்கரையாலானது, புரோபோலிஸ் என்பது மரங்களின் மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைத் தேனீக்கள் மெழுகோடு சேர்த்துப் பிசைந்தது, ராயல் ஜெல்லி இளம் வேலைக்காரத் தேனீக்களின் சுரப்பிகளில் ஊறும் புரதம் மிகுந்த கூழ், மகரந்தம் பூக்களுடையது, விஷம் கொடுக்கில் இருப்பது. எனவே ஒன்றைப் பற்றிய ஆய்வு முடிவை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

இவற்றில் ஒன்றே ஒன்றுக்கு, அதுவும் ஒரு குறிப்பிட்ட தொல்லைக்கு மட்டும், மருத்துவ வழிகாட்டுதல்களில் இடம்பெறும் அளவுக்குச் சான்று இருக்கிறது. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெறுவோருக்கு உண்டாகும் வாய்ப்புண்ணைத் தடுக்கத் தேனைப் பயன்படுத்துவதே அது. ஆகவே இங்கே தேனுக்கு அதிக இடம் தரப்பட்டிருக்கிறது. மற்றவற்றைப் பொறுத்தவரை யார் தவிர்க்க வேண்டும் என்பதே முதன்மையான செய்தி.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். இங்கே பேசப்படுவது துணைச் சிகிச்சை மட்டுமே. அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு, ஹார்மோன் சிகிச்சை ஆகியவற்றின் இடத்தில் இவற்றில் எதையும் வைக்க முடியாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடலின் பிற பகுதிகளுக்குப் பரவாத புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, முதல் பிரிவினரின் இறப்பு அபாயம் ஏறத்தாழ 2.5 மடங்காக இருந்தது. அதே ஆண்டில் அவர்களே வெளியிட்ட இன்னோர் ஆய்வு இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. வழக்கமான சிகிச்சையோடு துணை மருத்துவத்தையும் சேர்த்துக்கொண்டவர்களில் பலர், பின்னர் மருத்துவர் சொன்ன அறுவையையோ கீமோவையோ கதிர்வீச்சையோ மறுத்துவிட்டிருந்தார்கள். அவர்களின் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்ததற்கு அந்த மறுப்பே காரணமாகத் தெரிந்தது. தேன் யாரையும் கொன்றுவிடவில்லை. தேன் தரும் நம்பிக்கையில் அடுத்த கீமோவைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

எந்தப் பொருளாக இருந்தாலும் முதல் அளவை வாயில் போடுவதற்கு முன் அது உங்கள் மருத்துவக் கோப்பில் ஏறிவிட வேண்டும். "இயற்கையான பொருள்தானே, இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?" என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது, திட்டுவாரோ என்ற அச்சமும் சிலருக்கு இருக்கிறது. சொல்லாமல் விடுவதால் என்ன நேரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கீமோவுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளின் அளவு உயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மூன்று வாரமாகப் புரோபோலிஸ் சொட்டு எடுத்துக்கொண்டிருப்பது மருத்துவருக்குத் தெரிந்தால், முதலில் அதை நிறுத்தச் சொல்லி மறுபடியும் பரிசோதிப்பார். தெரியாவிட்டால் கீமோ மருந்தின் மீதுதான் அவருக்குச் சந்தேகம் விழும். அளவைக் குறைப்பார், அல்லது சுற்றையே தள்ளிவைப்பார். உண்மையில் வேலை செய்துகொண்டிருந்த மருந்து, வேலை செய்கிறதா என்று உறுதியில்லாத ஒன்றுக்காக வெட்டுப்பட்டுவிடும்.

எனவே பொருளின் பெயரை மட்டும் வாயால் சொல்லாமல், பாட்டிலின் முன்புறத்தையும் பின்புறத்தையும் படமெடுத்துக் காட்டுங்கள். எவ்வளவு, எத்தனை வேளை, எந்த நாளிலிருந்து என்பதையும், ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் மற்ற மருந்துகளையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர், சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுபவர், டாமோக்சிஃபென் போன்ற ஹார்மோன் மருந்தில் இருப்பவர் ஆகியோர் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். "இதைச் சாப்பிடலாமா?" என்ற ஒற்றைக் கேள்விக்குப் பெரும்பாலும் பொதுவான பதிலே கிடைக்கும். "என் வெள்ளையணு எண்ணிக்கை இப்போது இருக்கும் நிலையில் இது பாதுகாப்பானதா? நான் எடுக்கும் மருந்துகளில் எதனோடாவது மோதுமா? அறுவைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும்?" என்று பிரித்துக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். மருத்துவமனையில் மருந்தாளுநர் இருந்தால் இரண்டாவது கேள்விக்கு அவரையும் அணுகலாம்.

அனுமதி கிடைத்த பிறகும், கீமோ ஏற்றும் நாளிலோ அதையடுத்த இரண்டு மூன்று நாள்களிலோ புதிய பொருளைத் தொடங்காதீர்கள். குமட்டல், தடிப்பு, வயிற்றுப்போக்கு என்று எது வந்தாலும் அது கீமோவால் வந்ததா, புதிய பொருளால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். இரண்டு புதிய பொருள்களை ஒரே வாரத்தில் தொடங்குவதும் இதே காரணத்தால் கூடாது.

கதிர்வீச்சால் வரும் வாய்ப்புண்ணுக்குத் தேன்

வாய், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் கதிர்வீச்சு படும்போது, வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் வாயின் உள்தோல் செல்கள் அழிகின்றன. சிகிச்சை பொதுவாக வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு அல்லது ஏழு வாரம் நடக்கும். முதல் வாரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாய் சிவந்து, எரிச்சல் தொடங்கி, பின்னர் வெண்படலத்தோடு கூடிய புண்களாக மாறும். முற்றிய நிலையில் எச்சில் விழுங்குவதே வேதனையாகி, உணவு குறைந்து, எடை சரிந்து, சிலருக்குச் சிகிச்சையை இடையில் நிறுத்த வேண்டிய கட்டாயமும் வந்துவிடுகிறது. எனவே வாய்ப்புண்ணைத் தடுப்பது வெறும் ஆறுதலுக்கான வேலை அல்ல. சிகிச்சை தடையின்றி முடிவதற்கும் அது தேவை.

தேன் இங்கே எப்படி உதவுகிறது என்பதற்கு அதன் இயல்பிலேயே காரணங்கள் உள்ளன. அது அமிலத்தன்மை கொண்டது. சர்க்கரைச் செறிவு மிகுந்திருப்பதால் கிருமிகள் அதில் பெருக முடிவதில்லை. தண்ணீர் கலந்து நீர்த்ததும், தேனீ அதில் சேர்த்த குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. இவற்றோடு, புண்ணின் மேல் படலமாகப் படிந்து ஈரத்தைக் காக்கவும் செய்கிறது.

மலேசியாவில் நடந்து 2003-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இந்தத் துறையில் முன்னோடியானது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 40 பேரில் பாதிப் பேருக்குத் தேன் தரப்பட்டது. அவர்களில் கடுமையான வாய்ப்புண் வந்தவர்கள் தெளிவாகக் குறைவு. அதன்பின் வெவ்வேறு நாடுகளில் நடந்த சிறிய ஆய்வுகள் பலவும் இதே திசையைக் காட்டின. ஆனால் எல்லாம் அப்படி இல்லை. இங்கிலாந்தில் மனூக்கா தேனை (நியூசிலாந்தில் வளரும் மனூக்கா செடியின் பூக்களிலிருந்து கிடைக்கும் தேன்) சர்க்கரைப் பாகோடு ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. கனடாவில் கதிரூட்டித் தூய்மைப்படுத்திய மனூக்கா தேனைப் பயன்படுத்திய ஆய்விலும் பலன் கிடைக்கவில்லை. அதில் கலந்துகொண்டவர்கள் பலர் அதைப் பொறுக்க முடியாமல் பாதியில் விலகினார்கள். விலை கூடிய மனூக்காதான் சிறந்தது என்ற விளம்பரத்துக்கு இந்த இரண்டு முடிவுகளும் நேர் எதிரானவை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்ட பன்னாட்டுத் துணைப் பராமரிப்பு வல்லுநர்களின் வழிகாட்டுதல், 2020-இல், தலை, கழுத்துக் கதிர்வீச்சு பெறுவோருக்கு வாய்ப்புண்ணைத் தடுக்கத் தேனைப் பயன்படுத்தலாம் என்றது. கண்டிப்பான பரிந்துரையாக அல்லாமல் ஒரு யோசனையாகவே அது சொல்லப்பட்டது. உணவுக்குழாய் புண்ணுக்கு இது பொருந்தாது: நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களிடம் மனூக்கா தேனைச் சோதித்தபோது, விழுங்கும்போது வரும் வலியை அது குறைக்கவில்லை.

செய்முறை எளிது, ஆனால் ஒழுங்கு தேவை. மலேசிய ஆய்வில் பின்பற்றிய அளவு ஒரு வேளைக்கு 20 மில்லி, அதாவது நான்கு தேக்கரண்டி. கதிர்வீச்சுக்கு 15 நிமிடம் முன்பு ஒரு முறை, முடிந்து 15 நிமிடம் கழித்து ஒரு முறை, ஆறு மணி நேரம் கழித்து ஒரு முறை. முழு அளவையும் ஒரேயடியாக வாயில் ஊற்றிக்கொள்ள வேண்டாம். முதலில் ஒரு மடக்குத் தண்ணீரால் வாயை ஈரமாக்குங்கள். கதிர்வீச்சால் உமிழ்நீர் குறைந்த வாயில் தேன் அப்படியே ஒட்டிக்கொண்டு நகராது. பிறகு ஒரு தேக்கரண்டி தேனை நாக்கின் மேல் விட்டு, கன்னங்களின் உட்புறம், ஈறின் ஓரம், நாக்கின் அடிப்பகுதி என்று நாக்காலேயே மெல்லப் பரப்பி, ஓரிரு நிமிடம் வைத்திருந்து, தொண்டையையும் நனைக்கும்படி மெதுவாக விழுங்குங்கள். அடுத்த தேக்கரண்டியை அதன்பின் எடுங்கள். எரிச்சலாக இருந்தால் சம அளவு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்துகொள்ளலாம். கொதிக்கும் நீரில் கலக்காதீர்கள். மேலே சொன்ன நொதி வெப்பத்தில் கெட்டுவிடும். புண்பட்ட வாய்க்குச் சூடு ஆகவும் ஆகாது.

தொடங்கும் நேரமும் முக்கியம். ஆய்வுகள் பெரும்பாலும் தடுப்பு நோக்கத்தில் நடந்தவை. ஆகவே கதிர்வீச்சின் முதல் நாளிலிருந்தே தொடங்குவதுதான் பொருள் உள்ளது. புண் முற்றிய பிறகு தேனைத் தேடுவதில் பயன் குறைவு. அப்போது வலிநிவாரணியும் மருத்துவரின் நேரடிக் கவனிப்பும்தான் தேவை.

பற்களைப் பற்றிப் பெரும்பாலான குறிப்புகள் பேசுவதில்லை. உமிழ்நீர் குறைந்த வாயில் பற்சிதைவு மிக விரைவாகப் பரவும். அந்த வாயில் நாளுக்கு மூன்று முறை சர்க்கரையைப் பூசிவைக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. தேன் எடுத்து அரை மணி நேரம் கழித்து, ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) தேக்கரண்டி உப்பும் கரைத்து வாய் கொப்பளியுங்கள். அதன்பின் வெறும் தண்ணீரால் ஒரு முறை கொப்பளியுங்கள். கடைசி வேளைத் தேனைப் படுக்கைக்குப் போகும் நேரத்துக்குத் தள்ளாமல் முன்கூட்டியே முடித்துவிட்டு, மென்மையான தூரிகையாலும் ஃப்ளோரைடு பற்பசையாலும் பல் துலக்கிவிட்டுத் தூங்குங்கள். கதிர்வீச்சு தொடங்கும் முன் பல் மருத்துவரை ஒரு முறை பார்த்துவிடுவது தேன் எடுப்பவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் நல்லது.

யார் தேனைத் தவிர்க்க வேண்டும்

மேற்சொன்ன அளவில் ஒரு நாளைக்கு 60 மில்லி தேன் உள்ளே போகிறது. எடையில் அது ஏறத்தாழ 84 கிராம். அதில் சர்க்கரை மட்டும் 70 கிராமுக்கு அருகில், ஆற்றல் சுமார் 250 கிலோ கலோரி. சாப்பிட முடியாமல் எடை இழந்துகொண்டிருப்பவருக்கு அந்தக் கலோரி ஒருவகையில் உதவியே. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவருக்கு அது பெரிய சுமை. வாந்தியைத் தடுக்கவோ வீக்கத்தைக் குறைக்கவோ டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு தரப்படும் நாள்களில், அதுவரை சர்க்கரை நோய் இல்லாதவருக்குக்கூட ரத்தச் சர்க்கரை ஏறும். "தேன் இயற்கைச் சர்க்கரை, ஏற்றாது" என்ற பேச்சை நம்ப வேண்டாம். தேனில் இருப்பதும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான்.

அடுத்தது தொற்று. பச்சைத் தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பது அதனால்தான். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் கைக்குழந்தைக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. நோயெதிர்ப்பு ஆற்றல் கீமோவால் வெகுவாகக் குறைந்திருக்கும் பெரியவர்களுக்கும், எலும்புமஜ்ஜை அல்லது ஸ்டெம் செல் மாற்றம் செய்துகொண்டவர்களுக்கும் பல மருத்துவமனைகள் பச்சைத் தேனை விலக்கிவைக்கின்றன. வீட்டில் காய்ச்சினால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்த வித்துகள் கொதிநிலையையும் தாங்கும். காமாக் கதிரூட்டித் தூய்மைப்படுத்திய மருத்துவத் தரத் தேனில் அவை அழிந்திருக்கும். தேனின் கிருமி எதிர்ப்புத் திறன் அதனால் குறைவதும் இல்லை. எனவே தேன் வேண்டும், ஆனால் வெள்ளையணு குறைவு என்ற நிலையில் இருப்பவர் மருத்துவரிடம் இந்த வகையைத்தான் கேட்க வேண்டும்.

விழுங்கும்போது புரை ஏறுபவர்களும், குழாய் வழியே மட்டும் உணவு பெறுபவர்களும் தாமாகவே தேனை முயலக் கூடாது. கெட்டியான, ஒட்டும் திரவம் மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

புரோபோலிஸ்

ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களைப் புரோபோலிஸில் உள்ள சில சேர்மங்கள் அழித்திருக்கின்றன. காஃபீக் அமில ஃபீனெதில் எஸ்டர், பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸில் உள்ள ஆர்ட்டெபிலின்-சி ஆகியவை அவற்றில் அடிக்கடி பேசப்படுபவை. விளம்பரங்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. தட்டில் செல்லை நேரடியாக நனைக்கும் செறிவு, விழுங்கிய மாத்திரை குடலையும் கல்லீரலையும் கடந்து கட்டியைச் சென்றடையும்போது இருப்பதில்லை. மனிதர்களிடம் புரோபோலிஸ் புற்றுநோயைச் சுருக்கியதற்குச் சான்று இல்லை. கீமோவால் வரும் வாய்ப்புண்ணுக்குப் புரோபோலிஸ் வாய்க்கழுவியைச் சோதித்த சில சிறிய ஆய்வுகள் பயன் தெரிவதாகச் சொல்கின்றன. கவனத்துக்குரியது அந்த அளவு மட்டுமே.

பயன்படுத்துவதாக இருந்தால் விழுங்கும் மாத்திரையைவிட வாய் கொப்பளித்துத் துப்பும் வடிவமே மேல். உடலுக்குள் போவது குறையும், மற்ற மருந்துகளோடு மோதும் வாய்ப்பும் குறையும். கடையில் கிடைக்கும் சொட்டு மருந்துகள் பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைத்தவை. அதைப் புண்ணான வாயில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆல்கஹால் இல்லாதது என்று உறையில் தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள்.

ஒவ்வாமைதான் புரோபோலிஸின் பெரிய குறை. தோலில் படுவதால் வரும் அரிப்புக்கும் கொப்புளங்களுக்கும் நன்கு அறியப்பட்ட காரணிகளில் அதுவும் ஒன்று. வாசனைப் பொருள்களில் சேரும் பெரு பால்சம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கதிர்வீச்சு பட்டுச் சிவந்த தோலில் புரோபோலிஸ் களிம்பைத் தடவுவது, ஏற்கெனவே உள்ள காயத்தின் மேல் இன்னொன்றைச் சேர்க்கும் வேலையாகிவிடக்கூடும். சிறுநீரகமும் கவனிக்கப்பட வேண்டும்: பித்தநாளப் புற்றுநோய் இருந்த ஒருவர் புரோபோலிஸ் எடுத்துக்கொண்டபோது சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது 2005-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது, எனவே சிஸ்பிளாட்டின் போலச் சிறுநீரகத்தைத் தாக்கும் கீமோ மருந்தில் இருப்பவர் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ராயல் ஜெல்லியும் மகரந்தமும்

சிகிச்சைக் காலத்தில் வரும் களைப்புக்கு ராயல் ஜெல்லி நல்லது என்ற பேச்சுக்கு ஓரளவு அடிப்படை உண்டு. ஈரானில் நடந்து 2016-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நான்கு வாரம் ராயல் ஜெல்லி கலந்த தேனை எடுத்துக்கொண்டவர்களின் களைப்பு, வெறும் தேன் எடுத்தவர்களைவிடக் குறைந்தது. பெரிய ஆய்வுகளில் இது உறுதியாகும் வரை இதை நம்பி ஒரு மாதச் செலவைத் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. களைப்புக்கு மருத்துவர்கள் முதலில் சொல்லும் மிதமான நடைப்பயிற்சிக்கு இதைவிட உறுதியான சான்று இருக்கிறது. அதோடு, ரத்தசோகையால் வரும் களைப்பு, தைராய்டு குறைவால் வரும் களைப்பு, தூக்கமின்மையால் வரும் களைப்பு என ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. காரணத்தைக் கண்டறியாமல் ஜெல்லியைத் தொடங்கினால் அந்தக் காரணம் மறைந்தே கிடக்கும்.

ஆபத்துப் பக்கம் அழுத்தமானது. ராயல் ஜெல்லியால் கடும் ஆஸ்துமா தாக்கமும் உயிரைப் பறிக்கும் ஒவ்வாமையும் நேர்ந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இத்தகைய இறப்புக்குப் பிறகு உறையில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாக்கப்பட்டது. ஆஸ்துமா, மூக்கொழுகும் ஒவ்வாமை, தோல் அரிப்பு நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. மகரந்தத்துக்கும் இதே விதிதான். முதல் கரண்டியிலேயே முகம் வீங்கி மூச்சு திணறியவர்கள் உண்டு. ரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டபோது ரத்தம் உறையும் நேரம் அளவுக்கு மீறி நீண்டதும், ரத்தக்கசிவு ஏற்பட்டதும் பதிவாகியிருக்கின்றன. கீமோவால் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும் உடலில் அது எவ்வளவு விரைவாக விபரீதமாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது: ராயல் ஜெல்லியில் உள்ள கொழுப்பமிலங்கள் ஆய்வகச் சோதனைகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளோடு வலுவின்றிப் பிணைந்து, ஈஸ்ட்ரோஜன் போன்ற செயலைக் காட்டியிருக்கின்றன. அந்த ஹார்மோனைத் தடுப்பதற்காகவே ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று மாத்திரை சாப்பிடும் ஒருவர், மறுபக்கம் இதைச் சேர்த்துக்கொள்வதில் பொருளில்லை.

தேனீ விஷம்

2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், தேனீ விஷமும் அதன் முக்கியக் கூறான மெலிட்டினும் சில தீவிரமான மார்பகப் புற்றுநோய்ச் செல்களை ஆய்வகத்தில் விரைவாக அழித்ததைக் காட்டினார்கள். செய்தி உலகெங்கும் பரவியது. அதே வேகத்தில் கொடுக்கால் குத்திக்கொள்ளும் வைத்தியத்தைத் தேடியவர்களும் பெருகினார்கள். அது ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் நடந்த சோதனை. மெலிட்டின் நல்ல செல்லின் சவ்வையும் கிழிக்கக்கூடியது. ஸ்பெயினில் இரண்டு ஆண்டுகளாகத் தேனீக் கொடுக்கு அக்குபஞ்சர் செய்துகொண்டு தொல்லையின்றி இருந்த ஒரு பெண், ஒரு நாள் கொட்டிய சற்று நேரத்தில் மயங்கி, பின்னர் இறந்துபோனதை 2018-இல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். சிகிச்சையில் இருப்பவர் இதை எந்த வடிவிலும் முயலக் கூடாது. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வாங்கும்போது

தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, திரியில் நனைத்துக் கொளுத்திப் பார்ப்பது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகளால் கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது. இன்றைய சர்க்கரைப் பாகுகள் இவை எல்லாவற்றிலும் தேறிவிடும். ஆய்வகச் சோதனை அறிக்கை தரும் தயாரிப்பாளரிடம் வாங்குவதே வழி. தேன் உறைந்து மணல் போலாவது கெட்டதன் அடையாளம் அல்ல. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் இளகிவிடும். காட்டிலிருந்து நேரடியாக வந்தது என்பதே ஒரு தகுதி ஆகிவிடாது: சில மலைப்பகுதிகளில் ரோடோடென்ட்ரான் பூக்களிலிருந்து வரும் தேனில் உள்ள கிரேயனோடாக்சின், ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். தேன், ஜெல்லி, புரோபோலிஸ், மகரந்தம், மூலிகை என அனைத்தையும் ஒன்றாகக் கலந்த மாத்திரைகளை வாங்காதீர்கள். ஒவ்வாமை வந்தால் எதனால் வந்தது என்று தெரியாது. "புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்று உறையில் எழுதியிருந்தால் அந்த ஒரு வரியே அதை வாங்காமலிருக்கப் போதுமான காரணம்.

எடுத்துக்கொள்ளும் நாள்களில்

நாள்தோறும் நேரம், அளவு, வாயின் நிலை, எடை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோங்கள். உதடு, நாக்கு, முகம் வீங்குதல், உடல் முழுதும் தடிப்பு, இளைப்பு, தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். அலர்ஜி மாத்திரை ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் அது அல்ல. வெள்ளையணு குறைந்திருக்கும் நாள்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், தேனோ கஷாயமோ கொடுத்துப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். எந்த நேரமானாலும் மருத்துவமனையை அழையுங்கள். வாயில் துடைத்தால் பெயரும் வெண்திட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தேனை நிறுத்தி, மருத்துவரிடம் காட்டி, பூஞ்சை மருந்து தொடங்கிய பிறகே தொடரலாமா என்று கேளுங்கள். அறுவை முடிவானால், மயக்கமருந்து மருத்துவர் வேறு விதமாகச் சொன்னாலொழிய, புரோபோலிஸ், ராயல் ஜெல்லி, மகரந்தம் போன்ற எல்லாத் துணைப்பொருள்களையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவது வழக்கம்.

வாய்ப்புண்ணுக்கான தேன் என்றென்றைக்கும் தொடர வேண்டியது அல்ல. கதிர்வீச்சின் கடைசி நாளோடு புண் நின்றுவிடுவதில்லை. அதன்பின் ஓரிரு வாரம் தொல்லை கூடவும் செய்து, பிறகு படிப்படியாக ஆறும். உள்தோல் மூடி, வழக்கமான உணவை எரிச்சலின்றி விழுங்க முடிந்ததும் தேனை நிறுத்திவிடுங்கள். சோடா உப்புக் கொப்பளிப்பையும் ஃப்ளோரைடு பற்பசையையும் மட்டும் நிறுத்த வேண்டாம். உமிழ்நீர் பழைய அளவுக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.